காத்தாடிமட்டத்தைச் சுற்றிய காளான்

காத்தாடிமட்டம் எஸ்டேட்டைச் சுற்றிக் காளான் முளைத்தது ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில். அதை முதலில் பார்த்தவள் பவளக்கொடி, ஏனென்றால் அன்று காலை அந்த மலையை விட்டு வெளியே போகக் கிளம்பியவள் அவள் ஒருத்திதான். கையில் ஒரு துணிப்பை, பைக்குள் இரண்டு சேலை, பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள், ஒரு பாட்டில் விளக்கெண்ணெய், காகிதத்தில் பொதிந்த வசம்பு. மகள் இந்திராணிக்கு நாள் நெருங்கிவிட்டது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று டவுனில் இருந்த சம்பந்தி வீட்டார் சொல்லிவிட்டார்கள். அதற்குக் காரணம் அவர்களும் சொல்லவில்லை, பவளக்கொடியும் கேட்கவில்லை. மகள்தான் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "நீ வந்து பக்கத்துல மட்டும் இரும்மா. அடுப்படிப் பக்கம் போக வேணாம்."

எஸ்டேட் ரோடு முடிகிற இடத்தில், கற்பூர மரங்களுக்கு அடியில், ஒரு முழத்துக்கு ஒன்றாக, பன் ரொட்டி நிறத்தில், பன் ரொட்டி போலவே உப்பிய தலையோடு காளான்கள் நின்றன. தேயிலைச் செடிகளுக்குள் இருந்து வரிசையாக வந்து, தாரைப் பிளந்துகொண்டு ரோட்டைக் கடந்து, அந்தப் பக்கத்துத் தேயிலைக்குள் போயின. காளானைக் குனிந்து பார்க்கும் வழக்கத்தை அவள் பதினோரு வருஷத்துக்கு முன்பே விட்டிருந்தாள். சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு தாண்டினாள். பஸ் நிற்கிற முக்குக்கு இறக்கத்தில் நடந்தாள். பனிமூட்டமாக இருந்தது. நாற்பது ஐம்பது எட்டு வைத்திருப்பாள், கால் இறங்குவதற்குப் பதிலாக ஏறுவது போல இருந்தது, மூட்டம் விலகியபோது எதிரே எஸ்டேட்டின் உச்சியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி நின்றது, காலடியில் அதே போல ஒரு வரிசைக் காளான் இருந்தது. கீழ் ரோடு வழியாக வெளியே போனவள் மேட்டு வழியாக உள்ளே வந்திருந்தாள்.

திரும்ப இறங்கிப் போய் இன்னொரு முறை தாண்டினாள், மறுபடியும் தொட்டிக்கே வந்து சேர்ந்தாள். மூன்றாவது முறையும் அப்படியே ஆனபோது தொட்டிச் சுவரில் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அடுப்புப் புகை எழுந்தது. பதினோரு மணி பஸ் வளைவில் ஹாரன் அடித்தது கேட்டது, பிறகு அது போகிற சத்தமும் கேட்டது.

சூப்பர்வைசர் டேவிட்ராஜ் நம்பவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்கக் கீழ் ரோட்டில் இறங்கினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் மேட்டு ரோட்டில் அவருடைய பைக் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "சரி, மழை வர்றதுக்குள்ள கொழுந்து எடுங்க" என்றார். அன்று கொழுந்து எடுத்தார்கள்.

கிழக்கே போனவர்கள் மேற்கே வந்தார்கள். மாடு போனாலும் அப்படித்தான், நாய் போனாலும் அப்படித்தான். மழையும் காற்றும் குருவியும் மட்டும் இஷ்டம்போல வந்து போயின. காளானை மண்வெட்டியால் வெட்டி எறிந்து பார்த்தார்கள். விடிவதற்குள் அதே இடத்தில் அதே உயரத்தில் வேறொன்று நின்றது. வெளியிலிருந்தும் யாரும் வரவில்லை. இலை ஏற்ற வரும் லாரியின் சத்தம் தினமும் கீழ் ரோடு வரை வரும், நிற்காமல் மேட்டுப் பக்கம் கேட்கும், தேய்ந்து போகும்; லாரிக்காரர்களுக்குக் காத்தாடிமட்டம் கண்ணில் படவே இல்லை என்று தெரிந்தது. செல்போனுக்கு சிக்னல் கிடைக்கிற ஒரே பாறை காளானுக்கு வெளியே இருந்தது.

ஒரு வாரத்துக்குள் இதற்கும் பழகிவிட்டார்கள். முப்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டருக்கு வந்து பெயர் கொடுத்தார்கள். எடுத்த கொழுந்து போவதற்கு வழியில்லாமல் கொட்டகையில் குவிந்து, சூடேறி, கருத்து, புளித்த வாடை அடித்தது. அதை வாரித் தோட்டத்துக்கே உரமாகப் போட்டுவிட்டு மறுநாளும் எடுத்தார்கள், எடுக்காவிட்டால் செடி மரமாகிவிடும் என்றார்கள். கீழ் லைன் பெண்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் போக இரண்டு மைல் ஏற வேண்டியிருந்தது. இப்போது குடத்தோடு கீழ் ரோட்டில் ஐம்பது எட்டு வெளியே போனால் தொட்டியடியில் வந்து நிற்கலாம் என்று கண்டுபிடித்து, மூட்டுவலிக்காரர்கள் எல்லோரும் அந்த வழியையே பிடித்துக்கொண்டார்கள். கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண் ஒருத்தி காளான் ஓரத்தில் நின்று மாப்பிள்ளை ஊர்ப் பக்கம் பார்த்துப் பார்த்து அழுதாள், பத்தாம் நாள் அழுவதை நிறுத்திவிட்டுத் தலை வாரிக்கொண்டு வேலைக்கு வந்தாள். மாரியம்மன் கோவில் பூசாரி காளான் வரிசைக்கு ஒரு முறை கற்பூரம் காட்டினார், ஒன்றும் நடக்கவில்லை என்றதும் கற்பூரத்தைச் சேமித்தார்.

பவளக்கொடி மட்டும் பழகவில்லை. தினமும் காலை பையை எடுத்துக்கொண்டு ஒரு முறை தாண்டுவாள், தொட்டியடியில் வந்து நிற்பாள், வீட்டுக்குத் திரும்புவாள். மற்றவர்களுக்கு இது புது அடைப்பு. அவளுக்கு இது இரண்டாவது.

முதல் அடைப்பு பதினோரு வருஷத்துக்கு முன்னால் விழுந்தது. அப்போது அந்த மலையில் காளான் என்றால் பவளக்கொடிதான். முதல் மழை விழுந்த நாலாம் நாள் கூடையோடு ஓடைச் சரிவுக்குப் போவாள், கூடை நிறையக் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுப்பாள். ஒரு மழைக்காலத்தில் கீழ் லைனில் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த செவந்தி வீட்டுக்கும் கொடுத்தாள். செவந்தியின் புருஷன் ஆண்டியப்பன் காளான் தின்று இரண்டாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தான், நாலாம் நாள் கண் மஞ்சளாகிச் செத்துப்போனான். போலீஸ் வந்தது, கேட்டது, போனது. ஊர் ஒன்றும் செய்யவில்லை. அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டது. கோவில் பொங்கலுக்கு அவளிடமிருந்து அரிசி வாங்குவார்கள், பானையைத் தொட விட மாட்டார்கள். "நான் குடுத்தது அடியில பஞ்சு இருக்கிற காளான்" என்று அவள் அப்போது எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

பத்தொன்பதாம் நாள் கடைசி வீட்டின் அரிசியும் தீர்ந்தது. மாட்டுப் பாலைக் குழந்தைகளுக்கு ஒதுக்கினார்கள். கோழிகள் முடிந்திருந்தன. சௌசௌப் பந்தல் வைத்திருந்தவர்கள் காயும் கொடியும் வேரும் வேகவைத்துத் தின்றார்கள். இருபத்தோராம் நாள் காலை, டேவிட்ராஜும் நாலைந்து பேரும் பவளக்கொடியின் வாசலில் வந்து நின்றார்கள். அந்த வாசலுக்கு அத்தனை பேர் சேர்ந்து வந்தது பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"அதத் திங்கலாமா, வேணாமான்னு நீதான் சொல்லணும்" என்றார் டேவிட்ராஜ்.

"எனக்குத் தெரியாது சார்."

"உனக்குத் தெரியும்னு எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும்னு சொன்னதுக்குத்தான் இங்க ஒருத்தரும் என் கையால தண்ணி குடிக்கல."

 வாட்ச்மேன் சங்கிலி கீழே பார்த்துக்கொண்டு, "என் பேத்தி ரெண்டு நாளா எந்திரிக்கல தாயி" என்றான்.

பவளக்கொடி உள்ளே போய் அரிவாள்மணையைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாள். "நான் ஒருத்தி பாத்துச் சொல்ல மாட்டேன்" என்றாள். "எல்லாரும் வரணும். எல்லாரும் பாக்கணும். பாத்துட்டு எல்லாரும் சொல்லணும். எல்லா வீட்டுலயிருந்தும் வரச் சொல்லுங்க."

மஸ்டர் கொட்டகையில் கூடினார்கள். நடுவில் சாக்கை விரித்து, வட்டத்தின் நாலு திசையிலிருந்தும் பிடுங்கி வரச் சொன்ன காளான்களை அதில் வைத்தாள். வெட்டிக்கொண்டு வராதீர்கள், விரலை மண்ணுக்குள் விட்டு வேரடியோடு எடுத்து வாருங்கள் என்று சொல்லியிருந்தாள். ஆளுக்கொன்று கையில் கொடுத்தாள். பசியில் கண் உள்ளே போயிருந்த எழுபது எண்பது பேர் ஆளுக்கொரு காளானை வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"தலையைத் தடவிப் பாருங்க. ஈரமா இருந்தாலும் வழவழன்னு ஒட்டாது, பதனிட்ட தோல் செருப்பு மாதிரி இருக்கும். இருக்கா?"

இருக்கிறது என்றார்கள்.

"இப்பக் கவுத்துங்க. தலையைப் பாத்து ஒண்ணும் தெரியாது, அடியப் பாத்தாத்தான் தெரியும். அடியில ரெண்டு வகைதான். ஒண்ணு புத்தகத்த விரிச்ச மாதிரி ஏடு ஏடா இருக்கும். இன்னொண்ணு ஏடே இருக்காது, பஞ்சு மாதிரி, ஊசியால குத்தின மாதிரி பொடித் துளையா இருக்கும். உங்க கையில இருக்கிறது என்ன?"

"பஞ்சு."

"பஞ்சு என்ன நிறம்?"

"மஞ்சள். பழுத்த எலுமிச்சை."

"ஒருத்தர் கையிலயாவது பஞ்சு சிவப்பா இருந்தா அத என்கிட்டக் குடுத்துடுங்க. ஆகாது." ஒருவரும் கொடுக்கவில்லை. "கட்டைவிரலால பஞ்ச அமுக்குங்க."

அமுக்கினார்கள். மஞ்சள் பஞ்சில் விரல் பட்ட இடம் மெல்ல நீலமானது, துணிக்கு நீலம் போட்ட தண்ணீர் ஊறுவது போல, எழுபது எண்பது பேர் கையிலும் அவரவர் விரல் ரேகையோடு நீலம் பரவியது. கூட்டம் பின்வாங்கியது. விஷம் என்று ஒரு பெண் சொன்னாள்.

"நீலம் வர்றதால விஷமும் இல்ல, வராததால நல்லதும் இல்ல. நல்லதுலயும் வரும், கெட்டதுலயும் வரும். ஒண்ண மட்டும் பாத்து முடிவு பண்ணக் கூடாது, எல்லாத்தையும் சேத்துப் பாக்கணும். தண்டப் பாருங்க. நல்லாப் பருத்து, மேல மீன்வலை விரிச்ச மாதிரிக் கோடு ஓடுதா? தண்டுல பாவாடை மாதிரி ஏதும் சுத்தியிருக்கா? அடிக்கிழங்குல கிண்ணம் இருக்கா, முட்டை ஓட்டுல உக்காந்த மாதிரி?"

வலை இருக்கிறது, பாவாடை இல்லை, கிண்ணம் இல்லை என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் போய்க் குனிந்து பார்த்தாள், மோந்து பார்த்தாள், நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தாள். நாக்கு நுனியில் ஒரு துண்டை வைத்துத் துப்பினாள், கசக்கவில்லை.

"ஏடு வச்ச வெள்ளைக் காளான்ல, தண்டுல பாவாடையும் அடியில கிண்ணமும் இருந்துச்சுன்னா அதுதான் எமன்" என்றாள். "பாக்க இதவிட அழகா இருக்கும்."

அப்போதுதான் சங்கிலி எழுந்தான். கையில் இருந்த காளானைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ஆண்டியப்பன் வீட்டுச் சட்டிய நாய் நக்கிடக் கூடாதுன்னு நான்தான் கொண்டுபோய்ப் புதைச்சேன். அதுல மிச்சம் இருந்தது ஏடு ஏடா இருந்துச்சு. வெள்ளையா, ஏடு ஏடா. பஞ்சு இல்ல. அப்ப எனக்கு வித்தியாசம் தெரியல."

 எல்லோரும் செவந்தி பக்கம் திரும்பினார்கள். செவந்திக்கு இப்போது முப்பத்துமூன்று வயது, தூணோரம் நின்றிருந்தாள், அவள் கையில் இருந்த காளானில் மட்டும் நீலம் இல்லை, அவள் அமுக்கவே இல்லை.

"எனக்கு ஞாபகம் இல்ல" என்றாள். காளானைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு மழையில் இறங்கி நடந்தாள்.

பவளக்கொடி அவள் போவதைப் பார்த்தாள். "முதல்ல நான் திங்கிறேன்" என்றாள் மற்றவர்களிடம். "மூணு நாள் பொறுங்க. கெட்டது உடனே காட்டாது, ரெண்டாம் நாள்தான் காட்டும்." வீட்டுக்குப் போய் ஒரு சட்டி நிறையச் சமைத்துத் தின்றாள். மூன்று நாளும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை, வர ஊரும் விடவில்லை. மணிக்கொருவராக ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்து, அவள் கண்ணின் வெள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாகிறாளா என்று பார்க்க வந்தவர்களா, சாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்தவர்களா என்று அவளுக்குப் புரியவில்லை. உள்ளே படுத்துக்கொண்டு மகளுக்கு நாள் எண்ணினாள். நாள் தாண்டியிருந்தது.

நாலாம் நாள் காலை அவளே கதவைத் திறந்துகொண்டு வந்து வாசல் கூட்டினாள். அன்று முப்பத்தேழு வீட்டில் காளான் கொதித்தது. ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பேற்றும் முன்னால் கவிழ்த்து, அமுக்கி, அடிக்கிழங்கைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்கள்: பஞ்சு, மஞ்சள், நீலம், வலை, பாவாடை இல்லை, கிண்ணம் இல்லை. செவந்தி வீட்டில் மட்டும் சௌசௌக் கொடி வெந்தது.

மறுநாள் காலை கீழ் லைன் பெண்கள் ஆறு பேர் வழக்கம்போலக் குடத்தோடு காளானைத் தாண்டித் தண்ணீருக்குப் போனார்கள். தொட்டியடியில் ஒருத்தியும் வந்து சேரவில்லை. மற்றவர்கள் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்து, பிறகு கத்தினார்கள், பிறகு தேடினார்கள், தாண்டிப் போய்த் தேடுவதற்கு யாருக்கும் தைரியம் வரவில்லை. காளான் தின்று செத்தார்கள் என்றும், தின்றவர்கள் காற்றாகிப் போனார்கள் என்றும் பேச்சு எழுந்தது. எல்லோரும் தின்றிருந்ததால் யாரும் பவளக்கொடியை அடிக்கப் போகவில்லை, ஆனால் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு ஆறு பேரும் கீழ் ரோடு வழியாக ஏறி வந்தார்கள். குடத்தில் தண்ணீர் இல்லை, அரிசி இருந்தது.

"வெளியே போயிட்டோம்" என்றாள் ஒருத்தி, ஏதோ தப்புச் செய்தவளைப் போல. "டவுன் அப்படியேதான் இருக்கு."

அவள்தான் பவளக்கொடியிடம் வந்து சேதி சொன்னாள். இந்திராணிக்குப் பெண் குழந்தை, பிறந்து பத்து நாள் ஆகிறது, தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறார்கள், அம்மா எங்கே என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தின்றவர்கள் போகலாம், தின்னாதவர்கள் போக முடியாது. அவ்வளவுதான் விஷயம் என்று அன்று மாலைக்குள் சின்னக் குழந்தைக்கும் விளங்கிவிட்டது. கைக்குழந்தைகளுக்குத் தாய்ப்பாலே போதுமானதாக இருந்தது. மாடுகளுக்குத் தவிட்டில் பிசைந்து வைத்தார்கள். கம்பெனி ஆட்களும் தின்றால்தான் உள்ளே வர முடியும் என்று டேவிட்ராஜ் ஒரு டிபன் கேரியரில் காளான் வறுவல் எடுத்துக்கொண்டு பைக்கில் போனார். இதற்குள் மழை குறைந்து வெயில் அடிக்கத் தொடங்கியிருந்தது. வட்டத்தில் மேட்டுப் பக்கத்துக் காளான்கள் தலை சுருங்கிக் கருத்துச் சாய்ந்தன, அந்த இடத்தில் புதிதாக முளைக்கவில்லை. எல்லாம் அழிந்தால் வட்டமும் போய்விடும் என்று சிலர் சொன்னார்கள். அழிந்த இடத்தின் வழியாகத் தவிட்டைத் தின்னாத கன்றுக்குட்டி ஒன்று போனது, எதிர்ப் பக்கத்தில் எஸ்டேட்டுக்குள்ளேயே வந்து நின்றது. அதைப் பார்த்தவர்கள் செவந்தியின் வீட்டைப் பார்த்தார்கள், வேறு பேச்சுப் பேசினார்கள்.

மறுநாள் காலை பவளக்கொடி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ரோட்டு முனையில் நல்ல நிலையில் ஏழெட்டுக் காளான்கள்தான் மிச்சம் இருந்தன. அவற்றைத் தாண்ட ஒரு காலைத் தூக்கியவள் கொஞ்சம் நின்று, குனிந்து, மண்ணுக்குள் விரலை விட்டு இரண்டை எடுத்தாள். திரும்பிக் கீழ் லைனுக்கு நடந்தாள்.

செவந்தி அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"பஸ் பதினொண்ணுக்கு" என்றாள் பவளக்கொடி. "அதுக்குள்ள வந்தா உண்டு."

"நான் இங்கயே இருந்துக்கிறேன் மதினி. அரிசிதான் கொண்டுவந்து குடுக்கிறாங்களே."

"காளான் முடியப் போகுது. முடிஞ்சா அப்புறம் திங்கிறதுக்குக் கிடையாது."

"தெரியும்."

"பயமா இருக்கா?"

 பவளக்கொடி காளான்களைத் தரையில் வைத்து அவள் பக்கம் தள்ளினாள்.

"நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். நீயே பாரு."

வெகுநேரம் கழித்துச் செவந்தி ஒன்றை எடுத்தாள். கவிழ்த்தாள். "பஞ்சு" என்றாள். கட்டைவிரலை வைத்து அமுக்கி, நீலம் வருகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்டை விரலால் தடவினாள். "வலை இருக்கு. பாவாடை இல்ல." அடிக்கிழங்கில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினாள். சுரண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் கிழங்குதான், ஆனால் அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"அன்னைக்குக் கிண்ணம் இருந்துச்சு மதினி" என்றாள். "மண்ணா இருக்கேன்னு அத அறுத்து எறிஞ்சேன்."

பவளக்கொடி பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க குடுத்தத மொத நாளே சாப்பிட்டாச்சு. ரொம்ப நல்லாருக்கு, நாளைக்கும் வேணும்னாரு. உங்ககிட்ட மறுபடி கேக்கக் கூச்சமா இருந்துச்சு, வந்து ரெண்டு மாசம்கூட ஆகல. ஓடைப் பக்கம் நானே போய்ப் பறிச்சேன். வெள்ளையா அவ்வளவு அழகா இருந்துச்சு. எனக்கு வெள்ளிக்கிழமை விரதம், நான் சாப்பிடல. அவர் செத்தப்ப எல்லாரும் உங்க பேரச் சொன்னாங்க. நான் யார் பேரையும் சொல்லல. சும்மா இருந்தேன், அவ்வளவுதான். அப்புறம் சும்மாவே இருந்துட்டேன்."

"தெரியும்" என்றாள் பவளக்கொடி.

"எப்பத்துல இருந்து?"

"அப்பத்துல இருந்தே. நான் குடுத்தது எனக்குத் தெரியாதா?"

"ஏன் என்னை ஒண்ணும் கேக்கல?"

"இருபத்திரெண்டு வயசுல தாலியறுத்துட்டு உக்காந்திருந்த. உன்கிட்ட என்னத்தக் கேக்க" என்றாள். பிறகு, "அதுக்காக எனக்குக் கோவம் இல்லன்னு நினைக்காத. என் மக பிரசவத்துக்கு நான் இல்ல. அவ கல்யாணத்துல நான் பந்தியில பரிமாறல. கோவம் இருக்கு" என்றாள்.

செவந்தி தலையாட்டினாள். எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். காளானை அவளே கழுவி, அவளே நறுக்கினாள், வெட்டிய துண்டெல்லாம் நீலமாகி, சட்டியில் சூடு ஏற ஏற நீலம் போய் மஞ்சளானது. உப்பும் மிளகும் போட்டு இறக்கினாள். முதல் வாயை எடுத்தவள் வாய்க்குக் கொண்டுபோகாமல் நின்றாள். பவளக்கொடி சட்டிக்குள் கையை விட்டுத் தானும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். இருவரும் தின்று முடித்தார்கள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார்கள்.

ரோட்டு முனைக்கு வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. பவளக்கொடி முதலில் தாண்டினாள். செவந்தி வரிசைக்கு முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு காலைத் தூக்கி வைத்தாள், நடந்தாள், நாற்பது எட்டும் ஐம்பது எட்டும் நடந்தாள். கண்ணைத் திறந்தபோது தண்ணீர்த் தொட்டி இல்லை. பஸ் நிற்கிற முக்கு இருந்தது, ஒரு பெட்டிக்கடை இருந்தது, கடைக்காரர் வாழைத்தாரைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"நீயும் டவுனுக்கு வர்றியா?" என்று பவளக்கொடி கேட்டாள்.

செவந்தி கீழே இறங்கும் ரோட்டைப் பார்த்தாள். எங்கே வேண்டுமானாலும் போகிற ரோடு அது. பிறகு வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப மஸ்டர் கொட்டகையில எல்லாரும் இருப்பாங்க" என்றாள். "போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். நீங்க கொஞ்சம் இருங்க மதினி. நான் சொல்றத நீங்க கேக்கணும்."

அவள் மலையேறி நடந்து, காளானைத் தாண்டி, உள்ளே போவது முக்கில் இருந்து தெரிந்தது. வளைவில் ஹாரன் கேட்டது. பஸ் வந்து நின்றது. அந்தச் சொல்லுக்காகப் பதினோரு வருஷம் காத்திருந்த பவளக்கொடி, பையை மடியோடு அணைத்துக்கொண்டு படியில் ஏறி, மகள் வீடு இருக்கிற பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.